உடன் வசிக்கும் குடும்ப உறுப்பினர்

மார்ச் 3, செவ்வாய்

சித்திக்கு என் வேலையைப் போனில் விளக்க முயன்று இன்றும் தோற்றேன்.

"அப்ப போன்ல சூதாடலாமா, கூடாதா?" என்றாள்.

"உரிமம் வாங்கின கம்பெனியோட தளத்துல ஆடலாம் சித்தி. உரிமம் இல்லாததுல ஆடினா குற்றம்."

"ரெண்டுலயும் காசு போகும்ல?"

"போகும்."

"அப்புறம் என்னடி வித்தியாசம்?"

"ஒண்ணுல அரசாங்கத்துக்கு வரி வரும்."

பிறகு, "அந்த வரியிலதான் உனக்குச் சம்பளமா?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லாருங்க," என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

சித்தி கேட்டதில் தப்பில்லை. எங்கள் சூதாட்ட ஒழுங்குமுறை அலுவலகத்தில் உரிமம் கொடுப்பவர்கள் ஒரு மாடி, வரி வசூலிப்பவர்கள் ஒரு மாடி, திருட்டுத் தளங்களைப் பிடிக்கிற அமலாக்கப் பிரிவு ஒரு மாடி. விலக்குப் பிரிவு மட்டும் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி. "என்னால் நிறுத்த முடியவில்லை, என்னை உள்ளே விடாதீர்கள்" என்று கேட்பவர்களைப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். ஏற்றிவிட்டால் உரிமம் உள்ள எந்தத் தளமும் அவர்களை அனுமதிக்காது. நாள் முழுக்க ஹெட்போனில் பிறர் அழுவதைக் கேட்கிறேன். வீடு திரும்பும்போது காது சூடாக இருக்கிறது.

மார்ச் 6

சின்ன வெற்றி. குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படி விண்ணப்பித்தால், விலக்கப்படுபவரின் போனுக்கு ஒரு செய்தி போகும். பழைய வாசகம்: "தொடர்புடைய நபரின் வேண்டுகோளின் பேரில் தங்களது கணக்குகள் முடக்கப்பட்டன." கைதிக்கு எழுதியதுபோல. நான் மாற்றி எழுதியது: "உங்களுடன் வசிக்கும் குடும்ப உறுப்பினர் ஒருவர், உங்கள்மேல் கொண்ட அக்கறையால், ஆறு மாதத்துக்கு உங்களை ஆட்டத்திலிருந்து விலக்கிவைக்கக் கேட்டிருக்கிறார்."

பிரிவுத் தலைவி இரண்டு முறை படித்தார். "யாருன்னு பேர் வராதுல்ல?"

"வராது மேடம்."

"அப்ப சரி. கதை மாதிரி இருக்கு, பரவாயில்ல."

அலுவலகத் தமிழில் ஒரு வாக்கியமாவது மனுஷர்போலப் பேசட்டும். இதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

மின்சாரம் போனதால் மதியமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில், போனை மூக்கருகே பிடித்தபடி. நான் வந்தது தெரியவில்லை. போனில் மணிச் சத்தம். சின்னச் சின்ன மணி.

"என்னம்மா அது?"

"சும்மா. படம் சேர்க்கற ஆட்டம். பொழுது போகணுமே."

படம் சேர்க்கிற ஆட்டம் எனக்குத் தெரியும். அந்த மணியும் தெரியும் — என்னை அழைக்கிறவர்களில் பாதிப் பேரின் பின்னணியில் அது ஒலிக்கும். உரிமம் உள்ள தளம்தான். சட்டப்படி எல்லாம் சரி.

மேலே மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். பெரிய எண். ஜெயித்திருக்கிறாள்.

"வெளிய எடுத்துடேன்மா."

"எடுத்தா வரி பிடிச்சுக்கறான்டி. உள்ளயே இருந்தா முழுசா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 13

வரி மாடியிலிருந்து எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்த தணிக்கைக்காரரிடம், யாரோ அழைத்துக் கேட்டதுபோலக் கேட்டேன்: "சார், ஜெயிச்ச பணத்தை ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?"

"வரியை வெளிய போற வாசல்ல வெச்சாங்கம்மா. அதனால யாரும் வெளியவே வர்றதில்ல." டீயை ஊதிக் குடித்தார். "கம்பெனிக்காரனுக்கும் அதுதான் வசதி. உள்ளயே சுத்துறது கடைசில அவனுக்குத்தான். நாம யாரு? மதுக்கடை வாசல்ல மோர் விக்கிறவங்க."

மார்ச் 15, ஞாயிறு

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். எழுதினால் நிதானம் வரும்.

அவள் ஜனவரியில் ஓய்வு பெற்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் வார்டு நர்ஸ். அப்பா போன மறுவாரம் வேலைக்குப் போனவள். என் பள்ளி நாட்களில் என்னை மருத்துவமனை ஓய்வறையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள். படுக்கை மணி அடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவாள். வாயாடி. டாக்டர்களுக்கே பட்டப்பெயர் வைத்தவள். எனக்கு வைத்த பெயர் மேதாவி. "மேதாவி, புத்தகத்தை மூடிட்டு ஒரு வாய் சாப்பிடு, அறிவு எங்கயும் ஓடிடாது."

பொழுதுபோக்கு என்றே இருக்கட்டும். அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 2

கண்புரை அறுவைக்கு இந்த மாதம் நாள் குறித்திருந்தது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம், இப்ப நல்லாத்தான் தெரியுது," என்றாள். காலையில் உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைப் போட்டவள் சொல்கிற பேச்சு.

ஏப்ரல் 6, திங்கள்

கண் மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். அறுவைக்குக் கட்டிய முன்பணத்தை அம்மா போன வாரமே திரும்ப வாங்கிக்கொண்டாளாம். "வெளியூர்ல பண்ணிக்கறோம்னு சொன்னாங்களே," என்றாள் போனை எடுத்த பெண்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் ஓய்வுப் பணத்தைப் பற்றியும் கேட்டேன். தட்டில் இருந்ததையே பார்த்துக்கொண்டு, "இருக்கு," என்றாள். பிறகு, "கொஞ்சம் இருக்கு." பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். சத்தத்துக்காக.

நான் பின்னால் போய் நின்றேன். ஏம்மா? உனக்கு ஏம்மா? எங்கிட்ட என்ன குறைச்சல்?

"முப்பது வருஷம் மணி அடிச்சா ஓடினேன். இப்ப யாருடி என்னைக் கூப்பிடறா? நீ காலைல போனா சாயங்காலம் வர்ற, வந்தா புத்தகம். இது கூப்பிடுது. மத்தியானம் ஆனா 'எங்க காணோம், வாங்க'ன்னு கூப்பிடுது. பொய்தான். தெரியும். இருந்தாலும் கூப்பிடுதுல்ல?"

நான் குழாயை மூடினேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

ஏப்ரல் 8

விண்ணப்பித்துவிட்டேன். அலுவலகத்தில் இல்லை — வீட்டிலிருந்து, மற்ற எல்லாரையும்போல. உறவு: மகள். காரணம்: ஒரு வரி மட்டும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் "வேண்டாம்" என்பாள், நான் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பெயர் வராது. அதுதான் தைரியம்.

ஏப்ரல் 10, வெள்ளி

செய்தி இன்று வந்தது.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா போனை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய், எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தாள். "உங்களுடன் வசிக்கும் குடும்ப உறுப்பினர் ஒருவர், உங்கள்மேல் கொண்ட அக்கறையால்…" முழுவதும் வாசித்தாள். தேதிகூட விடவில்லை.

இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

பெயரை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோமே, நானும் பிரிவுத் தலைவியும் — ஒரு மகளோடு மட்டும் வாழ்கிறவர்கள் இருப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? மற்றவர்களை விடு. எனக்கே ஏன் தோன்றவில்லை? ஒழுங்கான தமிழில் எழுதும் ஆசையில் வீட்டு எண்ணையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய வாசகமே இருந்திருக்கலாம். "தொடர்புடைய நபர்". அது யாராகவும் இருக்கலாம். வங்கிக்காரன், பழைய தலைமை நர்ஸ், சித்தி.

அம்மா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றாள். "யாரோ படிச்ச பொண்ணு எழுதினது."

ஏப்ரல் 11

பேசவில்லை.

ஏப்ரல் 13

"குழம்பு அடுப்புல இருக்கு." இவ்வளவுதான் இன்று.

ஏப்ரல் 16, வியாழன்

பிரிவுத் தலைவியிடம் வாசகத்தை மாற்றச் சொன்னேன். "ஏன், நீதானே சண்டை போட்டு மாத்தின?" என்று நிமிர்ந்து பார்த்தார். தனியாக ஒருவரோடு மட்டும் வசிப்பவர்களுக்கு இது காட்டிக்கொடுக்கும் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மதியத்துக்குள் மாற்றிவிட்டார்கள்.

மே 5

எங்கள் கட்டடத்து மேல்மாடித் தையற்காரி வீட்டுக்கு அம்மா போய்வருகிறாள். பழைய உடைகளைப் பிரித்துத் தைக்கிறார்களாம். இன்று திரும்பி வந்து, "அவ அளவெடுக்கற அழகைப் பாக்கணும், மனுஷனைத் துணிக்குத் தகுந்தமாதிரி வெட்டுவா போல," என்றாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு கிண்டல்! நான் தேவைக்கு அதிகமாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கண் அறுவையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. நல்ல நாளைக் கெடுப்பானேன்.

மே 22, வெள்ளி

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். மேலே நாலைந்து பெண்கள் கூடுகிறார்களாம். அவளை "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார்களாம், ஆஸ்பத்திரியில் கூப்பிட்டதுபோல. விலக்கு வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். என் பிரிவின் வேலையை முதல் முறையாக நம்புகிறேன்.

ஜூன் 11, வியாழன்

மேல் மாடியிலிருந்து அமலாக்கக்காரர்கள் இறங்கி வேனில் ஏறுவதைப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பதுதான். ஒருவர் காகிதத்தைப் பார்த்து ஓட்டுநருக்குத் தெருப் பெயரைச் சொன்னார். என் தெரு. கட்டட எண். என் கட்டடம்.

ஓடவேண்டும் என்று தோன்றியது. எங்கே ஓடுவது? வேன் போன திசையிலா? அம்மாவுக்குப் போன் செய்யலாமா? செய்தால், சோதனையை முன்கூட்டித் தெரிவித்த ஊழியர். செய்யவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அழைத்தவர் ஒரு மீன் வியாபாரி. அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அந்த மனுஷர் பொறுமையாக, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

செய்யவில்லை என்று எழுதிவிட்டேன். செய்திருக்க வேண்டுமா?

ஜூன் 12

தையற்காரி ஏஜெண்ட். உரிமம் இல்லாத தளத்துக்கு. கையில் பணத்தைக் கொடுத்தால் போனில் புள்ளிகள் ஏற்றுவாள். தையல் மெஷின் நிஜம்தான். அதன் அடிப்பெட்டியில் துணி இல்லை, பணம். அங்கே இருந்த எல்லாருடைய போனையும் வாங்கிக்கொண்டு வாக்குமூலம் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுடையதும். முதல் முறை என்பதால் எச்சரிக்கை, அபராதம்.

"ஏம்மா? சட்டவிரோதம்னு தெரியாதா?"

"தெரியும்."

"அங்க ஜெயிச்சாலும் தர மாட்டாங்கம்மா. புகார் பண்ணவும் முடியாது. தினம் இதைத்தானே கேக்கறேன்."

"நல்ல கடையைத்தான் நீ பூட்டிட்டியே. நான் எங்க போவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. விலாசம் கேட்டு நிற்கிறவள்போலச் சொன்னாள்.

நான் பூட்டினேன். ஒரு கதவைப் பூட்டி, அவளை மாடிப்படி ஏறவைத்தேன். உரிமம் உள்ள தளத்திலாவது ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருந்தது. பூட்டாமல் இருந்திருந்தால்? அங்கேயே மெதுவாக எல்லாம் போயிருக்கும். எது மேல்? ஊருக்கெல்லாம் இதற்குப் பதில் சொல்கிறேன், எனக்கே தெரியவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

வரி மாடியிலிருந்து கடிதம், அம்மா பெயருக்கு. கைப்பற்றிய போனில் இருந்த கணக்கின்படி, அவள் அந்தத் தளத்தில் ஜெயித்த தொகை அத்தனைக்கும் வரி.

தணிக்கைக்காரரிடம் இந்த முறை மறைக்கவில்லை. கடிதத்தையே காட்டினேன். விலாசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், அவங்க கையில ஒண்ணுமே வரல. ஜெயிச்சதையெல்லாம் திரும்ப அதுலயே தோத்துட்டாங்க. திரையில வந்த எண்ணு, அவ்வளவுதான்."

"தெரியும்மா. சட்டம் ஜெயிச்சதை மட்டும்தான் பாக்கும். தோத்ததைக் கழிக்க அதுல இடமே கிடையாது. திருட்டுத் தளமா இருந்தாலும் வருமானம் வருமானம்தான்."

"இதை எழுதினவங்க யோசிக்க மாட்டாங்களா?"

"எழுதும்போது நானும் அந்த அறையிலதான் இருந்தேன். தோத்ததைக் கழிக்க விட்டா எல்லாரும் தோத்ததாத்தான் சொல்வாங்கன்னு ஒருத்தர் சொன்னார். நியாயமாத்தான் இருந்தது." கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "மேல்முறையீடு எழுதித் தரேன். நடக்காது. ஆனா எழுதுவோம்."

ஜூலை 4, சனி

அம்மா இன்று எல்லாவற்றையும் பேசினாள். நானும் பேசினேன். எழுத மனம் இல்லாத சிலதும் பேசினேன். திருடி என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தது. எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது அது? நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை — இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் கடைசியாகச் சொன்னது இது:

"அந்தக் கம்பெனி வரியா கட்டினது எம் பணம். அதுலதான் உனக்குச் சம்பளம்னு சொல்ற. உன் சம்பளத்துல எனக்குச் சோறு. இப்ப பாக்காத பணத்துக்கும் வரி கேக்கறாங்க, அதையும் நீயே கட்டப்போற. இதுல நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னே தெரியலடி மேதாவி. கொஞ்ச நாள் நான் தங்கச்சி வீட்டுல இருக்கேன்."

ஜூலை 5

சித்தி வந்து அழைத்துப்போனாள். ஒரு பெட்டி, அமலாக்கப் பிரிவு திருப்பித் தந்த போன். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண் சரியாகத் தெரியாததால் நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேறு யாருக்கோ கையசைத்தாள்.

ஜூலை 19

வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்காக எத்தனை நாள் அவளைக் கடிந்திருக்கிறேன், "அம்மா, படிக்கறேன், கொஞ்சம் சும்மா இரேன்" என்று. இப்போது ஒரு பக்கம் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

மேல்முறையீடு தள்ளுபடி. தணிக்கைக்காரர் தாளை மேசையில் வைத்துவிட்டு, எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். தவணையில் கட்டுகிறேன்.

செப்டம்பர் 2

அம்மா என்னிடம் போனில் பேசுவதில்லை. சித்திதான். "நல்லா சாப்பிடறா. கண்ணு கேம்புல பேர் குடுத்திருக்கோம்." பிறகு குரலைத் தாழ்த்தி: "கண்ணு, ஒண்ணு கேக்கறேன். அக்கா குளியலறைக்குப் போனா வர ரொம்ப நேரமாகுது. என் போனையும் கையோட எடுத்துட்டுப் போறா. வயிறு ஏதாவது சரியில்லையோ?"

நான் என்ன சொல்வது? சொன்னால் அந்த வீட்டிலும் அவளுக்கு இடமில்லாமல் போகும். சொல்லாவிட்டால் சித்தியின் பணம். "போனுக்குப் பூட்டு எண் போடுங்க சித்தி, வங்கி விஷயமெல்லாம் அதுல இருக்கு," என்றேன். சித்தி முட்டாள் இல்லை. "சரி," என்றாள்.

செப்டம்பர் 28

அம்மாவின் விலக்குக் காலம் அடுத்த வாரம் முடிகிறது. "பத்தாம் தேதி முதல் உங்கள் கணக்குகள் மீண்டும் திறக்கப்படும்" என்று நேற்றே தானாகச் செய்தி போயிருக்கும். நான் மறுபடி விண்ணப்பிக்கலாம். கூட வசிக்காத மகளும் விண்ணப்பிக்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. விண்ணப்பத்தைத் திறந்தேன். உறவு என்ற கட்டம் வரை நிரப்பினேன்.

மூடிவிட்டேன்.

அக்டோபர் 5, திங்கள்

இன்றும் திறந்து மூடினேன். இன்னும் நான்கு நாள். இரண்டாவது முறை பூட்டினால் அவள் என்னிடம் திரும்பவே மாட்டாள். பூட்டாவிட்டால் சித்தி வீட்டின் குளியலறையிலிருந்து மறுபடி அந்த மணிக்கு. இதில் மகள் செய்ய வேண்டியது எது? விலக்குப் பிரிவு ஊழியர் என்றால் சட்டென்று சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 8, வியாழன்

மதியம், சாப்பாட்டு நேரம். நான் ஒருத்திதான் மேசையில் இருந்தேன். அழைப்பு. வழக்கமான வணக்கத்தைச் சொன்னேன்.

மறுமுனையில் மூச்சு. எனக்குத் தெரிந்துவிட்டது.

"வணக்கம்ங்க," என்றாள் அம்மா. "கணக்கைத் திறந்துவிடப் போறோம்னு செய்தி வந்திருக்கு. திறக்க வேண்டாம்னு சொல்லணும். இந்த எண்தானே?"

உறவினர் அழைத்தால் வேறு மேசைக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. நான் சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். மாற்றவில்லை. என் குரலும் அவளுக்குத் தெரியும். வணக்கம் என்ற ஒரு சொல் போதும். இருந்தும் "ங்க" போட்டுப் பேசுகிறாள். அப்படியென்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

"இந்த எண்தான் மேடம். யாருக்காக விண்ணப்பிக்கிறீங்க?"

"எனக்காக. நானே."

"எவ்வளவு காலத்துக்கு?"

"இருக்கறதுலயே பெருசு எது?"

"அஞ்சு வருஷம். நடுவுல நீங்களே கேட்டாலும் திறக்க முடியாது."

"அதைப் போடுங்க."

போட்டேன். விரல் ஒரு எழுத்தைத் தவறாகத் தொட்டது. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்.

"உரிமம் இல்லாத தளங்களை எங்களால தடுக்க முடியாது மேடம். அதுல ஆடறதுண்டா?"

"ஆடறேன். நேத்தும் ஆடினேன். தங்கச்சி போன்ல, அவ போட்ட பூட்டு எண்ணும் தெரிஞ்சுபோச்சு. என்னால நிறுத்த முடியலங்க. நர்ஸா இருந்தவ நான். எத்தனை பேருக்கு ஊசி போடும்போது, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

ஒன்றுமில்லை, பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுக்கு அது பொய் என்று தெரியும். வங்கியிலிருந்து இப்படிப் பணம் போகாமல் தடுக்கும் வழியைச் சொன்னேன். ஆட்டத்தை விட நினைப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை நடக்கும் கூட்டத்தின் விலாசம் சொன்னேன். எழுதிக்கொள்ள முடியவில்லை, கண் தெரியவில்லை என்றாள். சரி, செய்தியாக அனுப்புகிறேன் என்றேன். யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்றாள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அது படிவத்தின் கடைசிக் கேள்வி. பதில் வாங்காமல் மூட முடியாது.

"இதைக் குடும்பத்துல யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

பின்னால் சித்தியின் வீட்டில் யாரோ பாத்திரம் நகர்த்தினார்கள்.

"இப்பத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றாள்.

அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று பதிந்தேன்.